கழுவியாச்சு என்று திரும்பி வந்த அண்டா

என் வீட்டுக்காரர் காலத்திலிருந்தே எங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற தொழில். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் அண்டா, தேக்சா, சாம்பார் வாளி, ஜல்லிக் கரண்டி எல்லாம் எங்கள் கடையிலிருந்து போகும், காரியம் முடிந்ததும் திரும்பி வரும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் அவர் பெயரின் முதல் எழுத்து வெட்டியிருக்கும். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு தெரு. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, மாடியில் ஒரே ஒரு அறை.

அந்த மாடி அறையில் உட்கார்ந்துதான் என் மகள் ஒரு பாஷை செய்தாள்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பாஷையை ஒருவர் செய்ய முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. பக்கத்துப் பூக்கடைக்காரிக்கு அது இன்னும் பெரிய வேடிக்கை. "ஏளா, இருக்க பாஷையிலயே நீ வாயத் திறந்து நாலு வார்த்த பேச மாட்டேங்க. உன் மவ புதுசா ஒண்ணு செய்யுதாளாக்கும்!" என்று பூத் தொடுத்துக்கொண்டே சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அவள் சொன்னது சரிதான். எனக்கு ஆள் முன்னால் பேச்சு வராது. நாலு பேர் நிற்கிற இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைப் பார்ப்பேன்.

மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தாள். மோட்டார், தராசு, லிப்ட் என்று எதைத் திறந்தாலும் உள்ளே கறுப்பாக ஒரு சில்லு இருக்கும். இரண்டு பக்கமும் கால் வைத்து, செத்த பூச்சி மாதிரி இருக்கும். அது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறதுதான் அவள் வேலை. அவள் அப்பா இறந்து ஆறு வருஷம் கழித்து வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

"ஒரு வருசம்மா. அதுக்குள்ள நான் செஞ்சத ஒரே ஒருத்தர், ஒரே ஒரு இடத்துல, நெசமான வேலைக்கு வச்சுக்கிட்டாப் போதும். இல்லன்னா திரும்பப் போயிருதேன்" என்றாள்.

"அந்தச் சில்லுக்கு ஏற்கெனவே பாஷை கிடையாதா?"

"இருக்கு. ஒண்ணு ரொம்பப் பெருசு, சின்னச் சில்லுல ஏறாது. இன்னொண்ணு பழசு. எங்க தப்பு பண்ணுனோம்னு சொல்லவே சொல்லாது, திடீர்னு கவுத்து விட்டுரும். நம்ம ஊர்ல மோட்டார் வைண்டிங் பண்ணுதவர் இருக்காருல்லா, அவரு வாசிச்சா அவருக்குப் புரியணும். தமிழ்ல இருக்கணும். ஆனா சில்லுக்குப் பக்கத்துல நிக்கணும், நடுவுல யாரும் இல்லாம."

அப்படித்தான் அது வந்தது. எடு, எழுது, பார், தாவு, விடு என்று சின்னச் சின்னச் சொற்கள். ஒரு வரிக்கு ஒரு வேலை. நாம் எழுதியதைச் சில்லுக்கு விளங்குகிற எண்ணாக மாற்றிக் கொடுக்க இன்னொரு புரோகிராம் வேண்டும். அதற்குக் கம்பைலர் என்று பெயர். அந்தக் கம்பைலரைச் செய்யத்தான் அவளுக்கு மாதக்கணக்காயிற்று.

தனியாகச் செய்யவில்லை. செய்ததை எல்லாரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போட்டாள். ஒவ்வொருவராக வந்து சேர்ந்து முப்பது பேர் ஆனார்கள். கோயம்புத்தூரில் பம்பு செய்கிற பட்டறையில் ஒருவர். யாழ்ப்பாணத்தில் தொழிற்கல்லூரி வாத்தியார் ஒருவர். மலேசியாவில், கனடாவில் எல்லாம் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஒருவர் பிழை கண்டுபிடிப்பார், இன்னொருவர் திருத்துவார், மூன்றாமவர் திருத்தினதில் பிழை கண்டுபிடிப்பார். எண்ணுகிறபோது பூஜ்யத்திலிருந்து தொடங்குவதா, ஒன்றிலிருந்தா என்று மூன்று வாரம் சண்டை போட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் சொத்துப் பிரிக்கிற மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எல்லாரும் லேப்டாப்பில் கூடிப் பேசுவார்கள். நான் காப்பியை அவள் கை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, குனிந்தபடி வெளியே வந்துவிடுவேன். அந்தப் படத்தில் என் தலை விழுந்துவிடக் கூடாது.

எனக்கும் அதில் ஒரு வேலை கிடைத்தது. பாஷையைக் கற்றுக்கொள்வதற்கு அவள் பாடம் எழுதினாள். எழுதி அச்செடுத்து என்னிடம் கொடுப்பாள். மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் நான் அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். நான் எந்த இடத்தில் நிற்கிறேனோ அங்கே அவள் பென்சிலால் கோடு போடுவாள். மறுநாள் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி எழுதி வரும். "புரியலன்னா புரியலன்னு சொல்லும்மா, மண்டைய ஆட்டாத" என்பாள். நான் மண்டையை ஆட்டுகிறவள்தான். பள்ளிக்கூடத்திலும் அப்படியே ஆட்டித்தான் அஞ்சு வரை வந்தேன்.

பத்து வரியில் நானே ஒன்று எழுதவும் செய்தேன். மாடித் தொட்டி நிறைந்தால் அடுப்படியில் சிவப்பு லைட் எரிய வேண்டும். நாலு நாள் எரியவில்லை. தொட்டியைப் பார்க்கச் சொல்லுகிற வரியை லைட்டுக்குப் பின்னால் எழுதியிருந்தேன். எரியவா வேண்டாமா என்று முடிவு செய்துவிட்டு, அதன்பிறகு போய்ப் பார்க்கிற மாதிரி. அஞ்சாம் நாள் அதை நானே கண்டுபிடித்து மாற்றினேன். லைட் எரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு மூன்று தடவை தேவையில்லாமல் மோட்டார் போட்டேன்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்த காரியம்.

சில்லுக்குள் ஞாபகம் வைக்கிற இடம் ரொம்பக் கொஞ்சம். ஒரு வேலைக்கு இடம் வேண்டுமென்றால் 'எடு' என்று கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் 'விடு' என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். அதே இடத்தை அடுத்த வேலை எடுத்துக்கொள்ளும். இதை எனக்குச் சொன்னபோது மகள் சிரித்தாள். "நம்ம கடைதாம்மா இது. அண்டா எடுக்காங்க, காரியம் முடிஞ்சு கொண்டாராங்க, அடுத்த வீட்டுக்குப் போகுது."

பிறகு ஒன்று கேட்டாள். "ஒருத்தர் விட்ட இடத்துல அவரு எழுதுன பழைய எண்ணு அப்பிடியே கிடக்கும். அத யாரு துடைக்கணும்? விடுதவங்களா? எடுக்கவங்களா? இல்ல பாஷையே தன்னால துடைக்கணுமா? குழுவுல மூணு பக்கமாப் பிரிஞ்சு நிக்காங்க. நம்ம கடைல யாரும்மா கழுவுவா?"

"கொண்டு போனவங்கதான் கழுவித் தருவாங்க."

"அப்பா காலத்துல இருந்தே அப்பிடித்தான?"

"ஆமா" என்று மண்டையை ஆட்டினேன்.

அது பாதி உண்மை. அவர் இருந்தபோது, திரும்பி வந்த அண்டாவுக்குள் கையை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். விரலில் பிசுக்கு ஒட்டினால், "ஏலே, கொண்டு போ. நல்லாத் தேச்சுட்டு வா" என்று முகத்துக்கு நேரே திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் ஊரில் எல்லாரும் பயந்து ஒழுங்காகக் கழுவினார்கள். அவர் போன பிறகு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. கல்யாண வீட்டுக் களைப்போடு வந்து நின்று, "நல்லாக் கழுவியாச்சு ஆச்சி" என்பார்கள். நான் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். "சரி" என்று வாங்கி வைத்துக்கொள்வேன். அவர்கள் தெருமுனை திரும்பியதும் புறவாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் புளியும் சாம்பலும் போட்டு நானே திரும்பக் கழுவுவேன். அத்தனை பாத்திரத்தையும், அத்தனை வருஷமும். மகள் அப்போது சென்னையில். திரும்பி வந்த பிறகும் மாடியிலேயே இருந்தாள்.

அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் அப்பா மாதிரி நான் கடையை நடத்தவில்லை என்று தெரிந்துபோகும். அதைக் கேட்கிற வீடுகளுக்கும் மனத்தாங்கல் வரும். அவள் நான் சொன்னதைக் குழுவில் சொன்னாள். எல்லாருக்கும் அந்த உதாரணம் பிடித்துப்போயிற்று. 'விடுகிறவரே துடைத்துவிட வேண்டும்' என்று பாடத்தில் ஏறிவிட்டது. அந்தப் பாடத்தை நான் வாசித்தேன். எந்த இடத்திலும் நிற்கவில்லை. அதனால் பென்சில் கோடும் விழவில்லை.

பத்தாவது மாதம் ஒருவர் கிடைத்தார். என் வீட்டுக்காரரின் சிநேகிதர், உப்பளம் வைத்திருக்கிற அண்ணாச்சி. துறைமுகச் சாலை தாண்டி, அனல்மின் நிலையத்துப் புகைக்குழாய்கள் தெரிகிற பக்கம் அவருடைய பாத்திகள். ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரை மோட்டார் இறைக்கும், அது வாய்க்கால் வழியாகப் பாத்திக்குப் போகும். வேண்டிய மட்டம் வந்ததும் ஒரு ஆள் நடந்து போய் சுவிட்சை அமத்தி மோட்டாரை நிறுத்த வேண்டும். அந்த வேலையைத் தன் போர்டு செய்யும் என்று மகள் சொன்னாள். தண்ணீர் மட்டத்தைப் பார்க்க ஒரு சென்சார், அது சொல்கிறதைக் கேட்டு மோட்டாரை நிறுத்த அந்தச் சில்லு பதித்த ஒரு போர்டு.

"பாஷையக் கொண்டாந்து என் மோட்டார்ல மாட்டப் போறியா? என் மோட்டாருக்கு இதுவரைக்கும் கெட்ட வார்த்த மட்டுந்தான் புரியும், பாத்துக்க" என்றார் அண்ணாச்சி. ஆனாலும் மாட்டவிட்டார்.

ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. குழுவில் எல்லாருக்கும் சந்தோஷம். மகள் அந்த மோட்டார் நிற்கிறதைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். மோட்டார் நிற்கிறதை முப்பது பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணாச்சி போன் செய்தார். ஆட்டோ பிடித்து இரண்டு பேரும் போனோம். வேலையாட்கள் விடியலில் வந்து வெயில் ஏறுமுன் போய்விடுவார்கள், அதனால் யாரும் பார்க்கவில்லை. மோட்டார் நிற்காமல் ஓடியிருக்கிறது. மறுநாள் வாருவதற்கு உப்புக் கூடிக் கெட்டியாகக் கிடந்த பாத்தியில் உப்புக் குறைந்த இளந்தண்ணீர் ஏறி, வரப்புக்கு மேலே வழிந்து நின்றது. கீழே உப்பு கரைந்துகொண்டிருந்தது. வெயில் கண்ணைக் குத்தியது. அண்ணாச்சி வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தாயி, உன் பாஷைக்கு 'போதும்'னு ஒரு வார்த்த கிடையாதா?" என்றார்.

அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மகள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திங்கக்கிழம வர பாப்பேன். அன்னைக்கு நான் ஒரு சோதன வைப்பேன். நின்னுச்சுன்னா கிடக்கட்டும். இல்லன்னா கழத்திட்டுப் போயிரு. பழையபடி ஆள வச்சு சுவிட்ச அமத்திக்கிடுதேன். மதினி, நீங்க தப்பா எடுத்துக்கிடாதீங்க."

நான் மண்டையை ஆட்டினேன்.

ஆட்டோவில் வரும்போது மகள் சொன்னாள். "இது போச்சுன்னா வேற யாரும் நம்பி மாட்ட மாட்டாங்கம்மா. இங்கன ஒருத்தர் சொன்னா அடுத்தவருக்குத் தெரிஞ்சுரும். கம்பெனில கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க. போயிர வேண்டியதுதான்."

புதனும் வியாழனும் குழு முழுக்க அதையே தேடியது. சென்சாரைக் கழற்றிப் பார்த்தால், ஒயர் சேருகிற இடத்தில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கட்டியிருந்தது. அதனால் சென்சார் பேசவில்லை. பேசாவிட்டால் மோட்டார் நிற்கத்தானே வேண்டும்? 'சென்சாரின் பதில் வருகிற இடம் காலியாக இருந்தால் மோட்டாரை நிறுத்து' என்று மகள் முதலிலேயே ஒரு வரி எழுதியிருந்தாள். ஏன் நிற்கவில்லை என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை.

வியாழன் சாயங்காலம் மகள் கண்டுபிடித்துவிட்டு அடுப்படிக்கு வந்து சொன்னாள். "இடம் காலியாவே இல்லம்மா. முன்னால ஒரு வேல 'தண்ணி குறைவு'ன்னு எழுதி வச்சுட்டு, துடைக்காம விட்டுட்டுப் போயிருக்கு. அடுத்த வேல அதே இடத்த எடுத்து, சென்சார் பதில் சொல்லும்னு காத்துப் பாத்துச்சு. பதில் வரல. உள்ள கிடந்த பழசப் பாத்து, 'ஓ, தண்ணி குறைவு'ன்னு ஓட்டிக்கிட்டே இருந்துருக்கு."

"முந்தின வீட்டுச் சாம்பார அடுத்த வீட்டுப் பந்தில ஊத்துன மாதிரி" என்றேன்.

"அதேதான். துடைக்காம விட்டது யாழ்ப்பாணத்துச் சார் எழுதுன பகுதியில. பாவம், 'என்ர பிழைதான்'னு திரும்பத் திரும்பச் சொல்லுதாரு. நானே நாலு தடவ படிச்சிருக்கேன், என் கண்ணுலயும் படல. சரி, ஒரு வரி சேத்தாப் போதும். ஞாயித்துக்கிழம எல்லாரும் பாத்துட்டு ஏத்திருவோம். திங்கக்கிழம சோதன."

அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் இல்லை. ஒரு வரி சேர்த்தால் இந்தத் தடவை சரியாகிவிடும். முப்பது பேரில் இன்னொருவர் இன்னொரு நாள் மறப்பார். மறந்தவர் நல்லவராகத்தான் இருப்பார், நன்றாகக் கழுவியாச்சு என்றுதான் அவரும் நினைத்திருப்பார். எனக்கு அது தெரியும். என்னைவிட அதை நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் குழுவில் யாரும் இல்லை. பாத்தி இன்னொரு தடவை கரைந்தால் அண்ணாச்சி இந்த மாதிரித் தவணை எல்லாம் கொடுக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண வீட்டிலிருந்து இரண்டு அண்டா வந்தது. "பளபளன்னு இருக்கு பாருங்க ஆச்சி" என்றாள் கொண்டுவந்தவள். வெளிப்பக்கம் பளபளவென்றுதான் இருந்தது. புறவாசலில் கவிழ்த்துத் தேய்க்கும்போது, கழுத்து மடிப்பில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தேன். சனிக்கிழமையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை மாடிப்படி ஏறி, பாதியில் திரும்பிவிட்டேன்.

ஞாயிறு காலையில் மாடியில் அனலாக இருந்ததால் மகள் லேப்டாப்பைக் கீழே கடைக்குள் கொண்டுவந்து, கவிழ்த்து வைத்த தேக்சா மேல் வைத்திருந்தாள். பதினொரு மணி ஆகவில்லை என்று நினைத்தேன். திரையில் ஒரு முகமும் இல்லை. கலர் கலராக வட்டம், வட்டத்துக்குள் ஒவ்வொரு எழுத்து, அவ்வளவுதான். அவள் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது விட்டால் இனிச் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"ஏளா, நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு யாரு கழுவுவான்னு கேட்டல்லா. கொண்டு போனவங்கன்னு சொன்னேன். அது உங்க அப்பா இருந்தப்ப. என்னால யாரையும் திருப்பி அனுப்ப முடியல. எல்லாத்தையும் நான்தான் திரும்பக் கழுவுதேன். ஒரு கரண்டி விடாம. அவங்க கழுவித்தான் தாராங்க, பொய் சொல்லல. ஆனா கல்யாண வீட்ல நூறு சோலி இருக்கும், கழுத்து மடிப்ப யாரு பாக்கா? கழுவுதவங்க கையில விட்டா ஒண்ணு ரெண்டு விட்டுத்தான் போகும். இந்தக் கடை இத்தன வருசம் நடக்கது அவங்க கழுவுததால இல்ல. நான் உன்கிட்ட பாதியத்தான் சொன்னேன். நீ அதப் பாஷையில ஏத்திட்ட."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கையைப் பாதி தூக்கி லேப்டாப் பக்கம் காட்டினாள்.

அப்போது தேக்சா மேலிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா, ஒரு அண்டா கழுவ உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

யாழ்ப்பாணத்து வாத்தியார். முப்பது பேரும் கேட்டிருக்கிறார்கள். அந்த வட்டங்கள்தான் அவர்கள்.

அடுக்கி வைத்திருந்த அண்டாக்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யம்மா, கேக்காருல்லா, பதில் சொல்லு. உன்னய யாருக்கும் தெரியாது, படம் ஆஃப்லதான் இருக்கு" என்றாள்.

அண்டாவுக்குப் பின்னாலிருந்தே சொன்னேன். "அண்டான்னா கால் மணி நேரம். கரண்டின்னா ஒரு நிமிசம்."

"அதுதானுங்க விசயம்" என்றார் கோயம்புத்தூர்க்காரர். "பெரிய இடமா இருந்தா துடைக்கவே நேரம் போயிருமுங்க. சின்னச் சில்லு, பாவமுங்க. தானாத் துடைக்கிற மாதிரி வச்சா, என்ர பம்பு ரெண்டு தடவ சுத்துற நேரத்துல ஒரு தடவதான் சுத்தும்."

"உப்பு கரையிறதவிட அது பரவாயில்லைதானே?" என்றார் வாத்தியார். "நான் மறந்திட்டன். நான் மறப்பன் எண்டு அம்மாவுக்கு முதலே தெரிஞ்சிருக்கு."

"உங்களச் சொல்லலய்யா" என்றேன் அவசரமாக. என்னை அறியாமல் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

ஒரு மணி நேரம் பேசினார்கள். எனக்கு எல்லாம் விளங்கவில்லை. நடுவில் கோயம்புத்தூர்க்காரர், "அம்மா, கழுவாமயே எதையாச்சும் அடுத்தவங்களுக்குக் குடுக்கறது உண்டுங்களா?" என்று கேட்டார். யோசித்தேன். உண்டு. ஒரே வீட்டில் காலையில் தண்ணீர் கொதிக்க வைத்த அண்டாவை மத்தியானம் அங்கேயே தண்ணீருக்குத்தான் வைக்கப்போகிறார்கள் என்றால் கழுவ வேண்டாம். ஆனால் அதை வாயால் சொல்லி, 'இது கழுவாதது' என்று தெரிந்தேதான் எடுக்க வேண்டும். அதைச் சொன்னேன்.

கடைசியில் அப்படியே முடிவாயிற்று. 'விடு' என்று எழுதினால் பாஷையே துடைத்துவிடும். எழுதுகிறவர் நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. நேரம் போதாது, துடைக்க வேண்டாம் என்கிறவர் 'துடைக்காமல் விடு' என்று முழுசாக எழுத வேண்டும். பின்னால் வாசிக்கிறவர் கண்ணில் அது பட்டுவிடும். கோயம்புத்தூர்க்காரருக்கு அரை மனசுதான். அவருடைய பம்புக்கு அவர் அந்த நீளமான வரியையே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். மகள் அன்று முழுக்கக் கம்பைலரைத் திருத்தினாள். ஆளுக்கொரு பகுதியைச் சோதித்து அனுப்பினார்கள். நான் பாடத்தில் அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். இரண்டு இடத்தில் நின்றேன். வேண்டுமென்றே இல்லை.

கூட்டம் முடிந்த பிறகு அவள் என்னிடம் அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. புறவாசலுக்குப் போய்த் துவைகல் பக்கத்தில் இருந்த சாம்பல் டப்பாவை எடுத்துப் பார்த்தாள். "தினமுமா?" என்றாள். "முகூர்த்தம் இருந்தா" என்றேன்.

திங்கள் காலை உப்பளத்துக்குப் போனோம். பெண்கள் ஒரு பாத்தியில் உப்பு வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். பலகை இழுபடுகிற சத்தம் சரசரவென்று கேட்டது. என்ன மாற்றியிருக்கிறது என்று அண்ணாச்சி கேட்டார். அவரிடம் சில்லு, இடம் என்று சொன்னால் எப்படிப் புரியும்? மகள் அண்டாக் கதையைச் சொல்லிவிட்டாள். அப்பா திருப்பி அனுப்பியது, நான் திரும்பக் கழுவுவது, எல்லாம். எனக்கு வரப்பிலிருந்து அப்படியே வாய்க்காலுக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "மதினி, போன வருசம் எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு உங்ககிட்டதான எடுத்தோம். எங்க வீட்டுப் பொம்பளைக நல்லாக் கழுவித்தான தந்தாங்க?"

உப்பு வாருகிற பெண்களில் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். திங்கட்கிழமைச் சோதனை இன்னும் நடக்கவில்லை. போர்டு கிடப்பதும் போவதும் அவர் கையில் இருந்தது. எப்போதும் போல 'ஆமா' என்று மண்டையை ஆட்டிவிடத்தான் கழுத்து போனது.

"பெரிய அண்டாவுல அடி பிடிச்சிருந்துச்சு அண்ணாச்சி. ரெண்டு வாளியில பருப்பு இருந்துச்சு" என்றேன்.

அவர் தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு, "சமையக்காரப் பய. நான் அப்பமே சொன்னேன்" என்று யாரையோ திட்டினார். திட்டிக்கொண்டே சோதனையைத் தொடங்கினார்.

மோட்டாரைப் போடச் சொன்னார். தண்ணீர் குழாயில் ஏறி வாய்க்காலில் விழுந்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பிறகு குனிந்து, சென்சாரின் ஒயரைக் கையாலேயே பிடுங்கிவிட்டார். "இப்ப அது வாயப் பொத்திட்டேன். உன் போர்டு என்ன செய்யுதுன்னு பாப்போம்."

மகள் என் கையைப் பிடித்திருந்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குள் வரிவரியாக ஓடியது. எடு. சென்சாரைப் பார். பதில் இல்லை. இடத்தைப் பார். இடம் காலி.

மோட்டார் நின்றது. குழாயில் தண்ணீர் இரண்டு தடவை கக்கிவிட்டு ஓய்ந்தது. பலகை இழுக்கிற சத்தம் மட்டும் திரும்பக் கேட்டது.

அண்ணாச்சி ஒயரைத் திரும்பச் செருகினார், திரும்பப் பிடுங்கினார். மூன்று தடவை அப்படிச் செய்தார். மூன்று தடவையும் நின்றது. "கிடக்கட்டும்" என்றார். "ஒயர் சேருத இடத்துல கிரீஸ் வச்சுக் கட்டு தாயி, உப்புக்காத்துக்கு எதுவும் தாங்காது."

மகள் சென்னைக்குப் போகவில்லை. பக்கத்துப் பாத்திக்காரர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார், இன்னும் மாட்டவில்லை. குழுவில் இப்போது வேறு ஏதோ சண்டை நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காப்பி கொண்டுபோய் வைக்கும்போது யாழ்ப்பாணத்து வாத்தியார், "அம்மா இருக்கிறாவோ?" என்று கேட்பார். "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

போன முகூர்த்தத்துக்கு அண்ணாச்சி வீட்டில் மறுபடியும் எங்களிடம்தான் பாத்திரம் எடுத்தார்கள். திரும்பக் கொண்டுவந்தபோது அவரே கூட வந்து, அண்டாவுக்குள் கையை விட்டு ஒரு சுற்றுத் தடவிக் காட்டினார். "பாத்தீங்களா மதினி? ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றேன். உண்மையாகவே ஒன்றுமில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். பிறகு அதைப் புறவாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.